தயிர்க் கப்புகள்

காட்டுப்பள்ளியில் ஒரு தொழிற்சாலைப் புல்வெளியின் ஸ்பிரிங்க்ளர்களுக்கு மீட்டர் பொருத்தி, தண்ணீர் அளவு போனில் தெரியும்படி செய்தேன். மூன்றாம் வரிசைக்குத் தண்ணீர் போவதாகப் போன் காட்டியது, புல்லோ காய்ந்தது. தோட்ட வேலை செய்யும் பெண் தண்ணீரைத் திருப்பிவிடுவதாகச் சூப்பர்வைசர் சந்தேகப்பட்டார். அந்தப் பெண்ணுக்கு வேலை போகும் நிலை. நானும் அறிக்கையில் ‘பணியாளர் தவறு’ என்று எழுதியிருந்தேன்.

என் வயதுதான் இருக்கும் அவருக்கு. தலையில் துண்டு, பதறாத முகம். புல்லில் நாலு, பக்கத்துச் சாலையில் நாலு எனத் தயிர்க் கப்புகளை வைத்திருந்தார். சாலைக் கப்புகள்தான் நிறைந்திருந்தன.

“சாயங்காலம் கடல்காத்து தள்ளிக்கினு போவுது மேடம். உட்ட தண்ணி உங்க போன்ல கீது, வுழுந்த தண்ணி இதுல கீது.”

“யாரு சொல்லிக் குடுத்தாங்க?”

“ஒழுவுற ஊட்ல பாத்திரம் வைக்க யாரு மேடம் சொல்லிக் குடுப்பாங்க?”

தண்ணீர் விடும் நேரத்தைக் காற்றில்லாத விடியலுக்கு மாற்றினேன். அறிக்கையில் அந்த வரியை அழித்தேன். அளவுக் கருவிகள் பட்டியலில், என் மீட்டருக்கு மேலே, எட்டுத் தயிர்க் கப்புகளைச் சேர்த்தேன்.