எந்த விதை?

லேக் மார்க்கெட் மாடியில் இருந்த அந்த ஆடிட்டர் கொல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். வரிச் சட்டமும் கம்பெனி சட்டமும் அவருக்கு அத்துப்படி. தலையைப் போலவே தமிழும் அங்கங்கே வழுக்கும்; 'அண்ணா' என்பதற்கு வங்காளிகளின் 'தாதா'தான் வாயில் வரும். சட்டைப்பை நிறையப் பூசணி விதை வைத்துக்கொண்டு, பேச்சுக்கு நடுவே கொறிப்பார்.

என் சின்னக் கம்பெனிக்கு வரி நோட்டீஸ் வந்த அன்று, நடுங்கிக்கொண்டே அவர் முன்னால் போய் நின்றேன்.

"பயப்படாதீங்க தாதா, இதுக்கு ஒரு விதை இருக்கு" என்றார்.

நான் பக்தியோடு கையை நீட்டினேன்.

உள்ளங்கையைப் பார்த்து விழித்தார். "ஐயோ, விதை இல்லே, விதி! சட்டத்துல ரூல்!" என்று மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். எனக்கும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"நீட்டின கை சும்மா போகலாமா? மெக்னீசியம், நரம்புக்கு நல்லது" என்று ஒரு பிடி கொட்டினார்.

நோட்டீஸும் போனது, நடுக்கமும் போனது. எந்த விதையால் எது போனது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.