கீழ்ப்பக்கம் பிடிப்பவன்

வீட்டுச் சாமான்களை ஏற்றி இறக்கும் வேலையில் அவனுக்குக் கிரேன் என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயரை அவன் மனைவியே பாதி நேரம் மறந்துவிடுவாள். மற்றவர்கள் ரெண்டு பேராக முக்கி முனகித் தூக்கும் வாஷிங் மெஷினை அவன் ஒற்றை ஆளாக முதுகில் ஏற்றி, மாடி வரை பேசிக்கொண்டே போவான். பார்ப்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். அவனுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

அந்த உடம்பில் பாதிதான் உழைப்பில் வந்தது. மீதி ஊசியில் வந்தது. மூன்று வருஷத்துக்கு முன், அவன் போய்வந்த ஜிம்மின் மாஸ்டர், "இப்படியே தூக்கிட்டிருந்தா கிழவனானாலும் ஆணழகன் போட்டி மேடை ஏற மாட்டே" என்று உசுப்பேற்றி, லேபிள் கிழிந்த ஒரு சின்ன ஊசி மருந்துக் குப்பியை நீட்டினார். இவனுக்குப் புத்தி எங்கே போயிற்று என்று கேட்டுப் பயனில்லை. கை பெருக்கப் பெருக்க ஊரே மெச்சியது. மெச்சும்போது எவனாவது புத்தியைத் தேடுவானா? மேடையும் ஏறினான். மூன்றாவது பரிசு ஒன்று கூடத்து அலமாரியில் நிற்கிறது.

பிறகுதான் ஒவ்வொன்றாகத் தலைகாட்டியது. முதுகு முழுக்கப் பரு. மார்புக் காம்புக்கு அடியில் கட்டி, சட்டை உரசினாலே வலி. ஒன்றுமில்லாத விஷயத்துக்கெல்லாம் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. ஒருநாள் தண்ணீர்க் குவளையைச் சுவரில் அடித்தான், மகள் அன்று முழுக்க அவன் பக்கமே வரவில்லை. அப்புறம் நெஞ்சு. படுத்தால் உள்ளே யாரோ கதவைத் தட்டுவதுபோல் அடித்துக்கொண்டது. யாருக்கும் தெரியாமல் ஆஸ்பத்திரிக்குப் போனான்.

டாக்டரம்மா ஸ்கேன் படத்திலிருந்து தலையைத் திருப்பி, "என்ன ஊசி போடுறீங்க?" என்று நேராகவே கேட்டார். லேபிள் இல்லாத குப்பி என்று மட்டும் சொன்னான்.

"இதயமும் தசைதான். கை பெருத்தா பாக்க நல்லாருக்கும், இது பெருத்தா ஆபத்து. உங்களுக்கு இதயச் சுவர் தடிச்சுப் போயிருக்கு, பிரஷர் எக்கச்சக்கம். பாரம் தூக்குறத உடனே நிறுத்துங்க. ஊசியும் இனி கூடாது. ஆனா ஊசியை விட்டா உடம்பு தளர்ந்து, மனசும் சோர்ந்து போகும். தாங்கலைன்னு திரும்ப ஊசி குடுத்தவர்கிட்ட ஓடாதீங்க, இங்கே வாங்க."

பாரம் தூக்காத கிரேனை யார் கூப்பிடுவார்கள்? இந்த மாதம் ஓடட்டும் என்று அவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை மட்டும் விழுங்கினான். ஆனால் பயம் அவனை விடவில்லை. படியில் கால் வைக்கும்போதெல்லாம் கூடவே ஏறியது.

காரணம் இருந்தது. பீரோவை மாடி ஏற்றும்போது இருவர் பிடிப்பார்கள். மேலே இருப்பவன் வழி பார்ப்பான். முழு எடையும் இறங்குவது கீழே இருப்பவன் மேல். இறக்கி வைக்கச் சொல்லும் 'வை' என்ற சொல் அவன் வாயிலிருந்துதான் வர வேண்டும். அவன் சாய்ந்தால் பீரோ அவனை நசுக்கும், மேலே இருப்பவனையும் வாரி இழுத்துக்கொண்டு வரும். கிரேன் எப்போதும் கீழ்ப்பக்கம். மேல்பக்கம் அவன் மச்சினன், மனைவிக்கு இருக்கும் ஒரே தம்பி. இத்தனை வருஷத்தில் கிரேன் 'வை' என்று சொன்னதே இல்லை. அது அவன் வீராப்பு.

அன்று கண்ணாடி பதித்த இரும்பு பீரோ, மூன்றாவது மாடி. இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவன் நெஞ்சு ஒரு துள்ளு துள்ளி, நின்று, மறுபடி தாறுமாறாக ஓடியது. கண் இருட்டியது. இன்னும் பத்துப் படிதானே, பல்லைக் கடித்தால் போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தான். மேலே மச்சினனின் செருப்புக் கால் தெரிந்தது.

"மாப்ள, வை."

"என்னது?"

"வைடா! கீழ வை!"

படித் திருப்பத்தில் பீரோ இறங்கியது. கிரேன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். வேர்த்துக் கொட்டியது. மச்சினன் தாவி வந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்தான்.

"என்ன மாமா, காலையில சாப்பிடலையா?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? ஊசி, ஸ்கேன், டாக்டரம்மா சொன்னது எல்லாவற்றையும் மூச்சு வாங்க வாங்கக் கொட்டிவிட்டான். திட்டுவான், அல்லது அழுவான் என்று எதிர்பார்த்தான். மச்சினன் பாட்டிலைக் கையிலேயே பிடித்தபடி படியில் உட்கார்ந்துவிட்டான். முகத்தில் ஈயாடவில்லை.

"மாமா... அந்த டாக்டர் என்னையும் பாப்பாங்களா?"

"உன்னை எதுக்குடா?"

"நானும் போடுறேன். நாலஞ்சு மாசமா."

கிரேனுக்குத் தன் நெஞ்சு மறந்துபோயிற்று.

"எல்லாரும் கிண்டல் பண்றாங்க மாமா. கிரேனு தூக்குது, இவன் சும்மா தொட்டுக்கிட்டு வர்றான்னு. உங்களுக்கு ஈடு குடுக்க வேணாமா?"

"எவன்டா குடுத்தான் உனக்கு?"

"உங்க மாஸ்டர்தான். முதல்ல முடியாதுன்னாரு. கிரேனோட மச்சினன்னு சொன்னேன். உடனே எடுத்துக் குடுத்துட்டாரு."

மேலே கதவைத் திறந்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "என்னப்பா, பீரோ ஏன் படியிலயே நிக்குது?"

"வேற ஆளுங்க வந்து தூக்குவாங்க சார். நாங்க ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றான் கிரேன். வேறு ஆள் தூக்கட்டும் என்ற சொல் அவ்வளவு சுலபமாக வரும் என்று அவனே நினைக்கவில்லை. வெட்கப்பட அவனுக்கு நேரமில்லை.

போனை எடுத்து மனைவிக்கு அடித்தான். மச்சினன் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "அக்காகிட்ட வேணாம் மாமா, உயிரையே விட்டுடும்."

வேலை நேரத்தில் அவன் கூப்பிடுவதே கிடையாது. முதல் மணியிலேயே அவள் எடுத்தாள்.

"என்னங்க, யாருக்கு என்ன ஆச்சு? உங்களுக்கா, தம்பிக்கா?"

கிரேன் மச்சினனைப் பார்த்தான். அவன் குழந்தைபோல் தலையை ஆட்டி ஆட்டி வேண்டாம் என்றான்.

"ரெண்டு பேருக்கும்" என்றான் கிரேன். "என்னாலதான்."