தலை மட்டும் வாங்கியவர்

என் தங்கச்சியைக் கட்டிய மனுஷன் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அவர் போய்ச் சேர்ந்த பிறகும் அது போகவில்லை. வருஷக்கணக்காக என் படகில் உட்கார்ந்து, என் கையால் துடுப்புப் போட வைத்து, எங்கள் ஏரியை மூலைமுடுக்கு விடாமல் அளந்தார். அளந்ததில் என்ன தெரிந்தது என்று ஒரு நாளாவது வாயைத் திறந்தாரா என்றால் இல்லை. கேட்டால், "இன்னும் பார்க்கணும் மச்சான்" என்பார். பிறந்ததிலிருந்து அந்தத் தண்ணீரில் கிடக்கிற நான்கூட அத்தனை தடவை குனிந்து அதைப் பார்த்ததில்லை.

அவருக்கு உத்தியோகம் நன்னீர் மீன் ஆராய்ச்சி. ஏரி எப்படி இருக்கிறது, மீன் பெருகுகிறதா குறைகிறதா என்று கண்டுபிடித்து மீன்துறைக்குச் சொல்ல வேண்டும். கறுப்பும் வெள்ளையுமாகப் பெயின்ட் அடித்த தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தண்ணீர் எவ்வளவு தெளிவு என்று பார்க்கத் தண்ணீருக்குள் இறக்குவார். தட்டு கண்ணுக்கு மறைகிற இடத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ம்ம்" என்பார். அந்த "ம்ம்" நல்லதுக்கா கெட்டதுக்கா என்று முகத்தைப் பார்த்தால் பிடிபடாது. நானும் ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனேன்.

ஆள் முதலில் வந்து நின்றது மீன் சந்தையில். ஊரே மீன் வாங்கினால் இவர் தலை மட்டும் வாங்குவார், அதுவும் கெண்டைத் தலை. எங்கே பிடித்தது என்று கேட்டுச் சீட்டு எழுதி, ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில் போடுவார். என் தங்கச்சிக்கு அங்கே மீன் வெட்டும் கடை. "உடம்பை எங்களுக்கு விட்டுட்டுத் தலையை மட்டும் கொண்டு போறீங்களே சார், வீட்டுல பேச்சுத் துணைக்கா?" என்று கேட்டிருக்கிறாள். மீன் தலைக்குள், காதுப் பக்கம், அரிசி நொய் மாதிரி ஒரு கல் இருக்கிறதாம். அதைத் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால், அறுத்த மரத்தில் தெரிகிற மாதிரி வளையம் வளையமாகத் தெரியுமாம். எண்ணினால் மீனின் வயசு. காட்டுகிறேன் வா என்று ஆபீசுக்குக் கூட்டிப் போனார். தலை வாங்க வந்தவர் கடைசியில் வெட்டுகிறவளையும் கேட்டார்.

நான் சரி என்றுதான் சொன்னேன். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் கையில் சிக்கவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு தினமும், பிடித்தவன் சொல்கிற இடத்தைச் சீட்டில் எழுதித் தலை எடுத்து வைப்பது தங்கச்சி பொறுப்பாகிவிட்டது. அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் மேல் பாதி பூராவும் மீன் தலைதான். "ஐஸ் தண்ணி கேக்காதேண்ணே. கதவைத் திறந்தா எல்லாம் என்னையே முறைக்குது" என்பாள்.

எங்கள் மீனவர் சங்கத் தலைவர்தான் என் காதில் போட்டார். "உன் மாப்பிள்ளை உளவு பாக்குறாருப்பா. வேற ஒரு ஏரியில இப்படித்தான் ஒருத்தன் தலை பொறுக்கிட்டுத் திரிஞ்சான். எல்லாம் சின்ன வயசு மீனு, பெருசாகறதுக்குள்ள அள்ளிடறாங்கன்னு எழுதிட்டான். மறு வருஷமே வலை போடக் கூடாதுன்னு போர்டு வந்துடுச்சு."

"எந்த இடத்துல?"

"ஆறு வந்து சேர்ற இடத்துலதான். முட்டை போட மீன் அங்கதானே ஏறும்."

எங்கள் ஏரியில் ஆறு வந்து சேருகிற இடம் கோரை மூலை. அங்கே வலை போடுகிறவன் நான். எங்கப்பா போட்ட இடம். அதை மூடினால் மிச்ச ஏரியில் நான் புதுசாகப் போய் எவன் பக்கத்தில் வலை இறக்குவது? இறக்க விடுவானா? அன்றிலிருந்து மாப்பிள்ளை படகில் ஏறினால் அவர் தட்டைப் பார்ப்பார், நான் அவரைப் பார்ப்பேன்.

கொஞ்ச நாளில் அவரும் என்னை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்தார். வீட்டுக்கு வந்தால் வாசலோடு பேசிவிட்டுப் போய்விடுவார். ஒரு நாள் ஏரி நடுவில் வைத்துக் கேட்டார்.

"மச்சான், கோரை மூலைன்னு சீட்டுப் போட்டு வர்ற தலையில பாதி ஏரி மீனே இல்ல. பண்ணைக் குளத்து மீனு. யார் கலக்குறாங்க?"

"மீனுல என்ன, பண்ணை முத்திரையா குத்தியிருக்கு?"

"காதுக்கல்லுல தெரியும். ஏரி மீனுக்கு இரை கிடைக்காத காலம்னு ஒண்ணு இருக்கு, அப்ப வளையம் நெருங்கும். பண்ணையில வருஷம் பூரா தீவனம் கொட்டுறான். வளையம் அகல அகலமா போகுது. அந்த மூலை உங்களோடதுதானே?"

"அதனால?"

"கேட்டேன்."

"கேட்டுட்டீங்கல்ல. இறங்குங்க."

ஏரி நடுவில் எங்கே இறங்குவது? வேகமாகத் துடுப்புப் போட்டுக் கரையில் கொண்டுவந்து விட்டேன். அதற்குப் பிறகு அவர் வேறு படகு பிடித்துக்கொண்டார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நான் கலக்கவில்லை. சங்கத் தலைவர்தான் ஆள் வைத்துச் செய்கிறார் என்று சந்தேகம். கையும் களவுமாகப் பிடித்து மாப்பிள்ளை முன்னால் நிறுத்த வேண்டும் என்று, ஒரு காலை வேளையில் சந்தையில் ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் போய் நின்றேன்.

பண்ணை வண்டி வந்தது. என் தங்கச்சி எழுந்து போய் நாலைந்து கெண்டை பொறுக்கினாள். கடையில் கொண்டுவந்து வெட்டினாள். தலையைப் பையில் போட்டாள். மடியிலிருந்து கோரை மூலைச் சீட்டை எடுத்து உள்ளே வைத்தாள்.

நான் முன்னால் போய் நின்றேன். அவள் கத்தியைக் கழுவிக்கொண்டே, "சத்தம் போடாதேண்ணே, ஆளுங்க இருக்காங்க" என்றாள்.

"உனக்கு என்ன பைத்தியமா? அவரு என்னைச் சந்தேகப்படுறாரு."

"பட்டுட்டுப் போறாரு. கணக்குக் குழம்பினா மூடச் சொல்லி அவரால எழுத முடியாதுல்ல. அந்த மூலையை மூடிட்டா அவருக்கு அளக்க வேற ஏரி கிடைக்கும். உனக்கு?"

"கட்டின புருஷனுக்கே..."

"அவருக்குச் சோறு போடலையா, துணி துவைக்கலையா? இதை மட்டும் என்கிட்ட விட்டுடு."

நான் என்ன செய்வேன்? இவளைக் காட்டிக் கொடுத்தால் ஒரு குடும்பம் போச்சு. வாயை மூடினால் என் மூலை மிஞ்சும். மூடிக்கொண்டேன். மாப்பிள்ளை என்னைத் திருடனாகவே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு மழைக்காலத்தில் அவருக்கு நெஞ்சடைப்பு. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். என்னை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். நான் போனபோது தங்கச்சி பக்கத்திலேயே இருந்தாள். ஏதோ மாத்திரைச் சீட்டைக் கொடுத்து அவளைக் கீழே அனுப்பிவிட்டு, என்னை ஸ்டூலில் உட்காரச் சொன்னார். இங்கேயும் ஏதோ கொக்கி இருக்கிறது என்று நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"உட்காருங்க மச்சான். எழுந்து துரத்துற நிலைமையிலயா இருக்கேன்?"

உட்கார்ந்தேன்.

"தலையைக் கலக்கினது நீங்க இல்ல. அது எனக்கு ரொம்ப நாளாத் தெரியும்."

"அப்புறம் யாருன்னு நினைக்கிறீங்க?"

"செவுளுக்குப் பின்னால சாய்ச்சு ஒரே வெட்டு. ஏரித் தலைக்கும் அதே வெட்டு, பண்ணைத் தலைக்கும் அதே வெட்டு. சந்தையில வேற யாரு கைக்கு அது வரும்? வெட்டுறவளுக்குப் பண்ணை மீனு எதுன்னு தெரியாமலா போகும்?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். "தெரிஞ்சும் அவளை ஏன் கேக்கல?"

"கேட்டா அண்ணனா புருஷனான்னு அவளை நிறுத்தின மாதிரி ஆயிடும். பதில் எனக்குப் பிடிக்காதோன்னு பயம்."

"எங்க மூலையைப் பத்தி என்னதான் எழுதி வச்சிருக்கீங்க?"

"ஒண்ணும் எழுதல. பண்ணைத் தலையைக் கழிச்சாலும், மிச்சம் பொறுக்கி வச்சதா இல்லையான்னு தெரியாம என்னத்தை எழுதுறது? இத்தனை வருஷமா அந்த இடம் மட்டும் காலியாத்தான் கிடக்கு."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. சாகக் கிடக்கிறவர் பொய் சொல்ல மாட்டார் என்று ஏதாவது சட்டம் இருக்கிறதா என்ன? நேராகவே கேட்டேன். "மூடணுமா, வேண்டாமா? அதைச் சொல்லுங்க."

"தெரியாது மச்சான். நல்லா இருந்தாலும் இருக்கும். வளையம் ரெண்டுக்கு மேல இருந்தா மீனு ஒரு தடவையாவது முட்டை போட்டுட்டுத்தான் உங்க வலையில விழுது. நீங்க பாட்டுக்குப் பிடிக்கலாம். எல்லாமே ரெண்டுக்குள்ளன்னா, உங்க வலையிலயும் இன்னும் கொஞ்ச வருஷத்துல ஒண்ணும் விழாது. எது நிஜம்னு தலையைப் பார்த்தாத்தான் தெரியும்."

தங்கச்சி வராந்தாவில் வருகிற செருப்புச் சத்தம் கேட்டது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக் குரலைத் தணித்தார்.

"இந்தத் தடவை கோரை மூலையில விழற மீனுக்கு நீங்களே தலை வெட்டுங்க. நீங்களே சீட்டுப் போடுங்க. அவ கைக்குப் போக வேண்டாம், ஏன்னும் அவகிட்ட சொல்ல வேண்டாம். நான் வந்தாலும் வராட்டியும், நேரா ஆபீசுல கொண்டு போய்க் கொடுங்க."