பாட்டுப் படிக்காத ரேடியோ

போன வாரம் என் அக்கா மகள் பூரணி காலையிலேயே போன் செய்தாள். "மாமா, செல்லக்கனி எந்திரிச்சுட்டா! காரை எடுத்துட்டு வாங்க."

செல்லக்கனி — ஒரு கரடி. பயப்படாதீர்கள், நானும் முதலில் பயந்தவன்தான்.

பூரணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் ஆராய்ச்சி. கரடியின் கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, அது எங்கெல்லாம் போகிறது என்று குறிப்பாள். கையில் பழைய டிவி ஆன்டெனா மாதிரி ஒன்று. கரடி நடமாடினால் பீப் சத்தம் மெதுவாகக் கேட்கும். காலர் அசையாமல் கிடந்தால் வேகமாகும். வேகமானால்... பெரும்பாலும் கரடி செத்துவிட்டதாக அர்த்தம்.

இரண்டு நாளாக வேகமாகவே அடித்தது. பூரணி சரியாகச் சாப்பிடவில்லை. இத்தனைக்கும் அவள் அந்தக் கரடியைக் கண்ணால் பார்த்தே பல மாதம் ஆகிறது, சத்தத்தோடுதான் பழக்கம். அதற்கே இவ்வளவு பாசம் வருமா? வருகிறதே!

அன்றைக்கு மறுபடியும் மெதுவான பீப். கிளம்பினோம். மம்சாபுரம் தாண்டியதும் அவள் முகம் மாறியது. சிக்னல் மலைக்குப் போகவில்லை — ஒரு மாந்தோப்புக்குள் இழுத்தது. பட்டப்பகலில், ஆள் நடமாட்டத்துக்கு நடுவில் கரடியா? யாராவது அடித்துப்போட்டால்?

தோப்புக் காவல்காரர் பால்ராஜ் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கரடிக்குக் காலர் போட்டிருந்தோம். இங்கதான் காட்டுது."

"காலரா? கரடிக்குச் சட்டையா தச்சுப் போட்டீக?"

அதற்குள் மோட்டார் ரூம் பின்னாலிருந்து பாய்ந்து வந்தது ஒரு வெள்ளை ராஜபாளையம் நாய். அதன் கழுத்தில், கயிறு வைத்து இறுக்கிக் கட்டிய செல்லக்கனியின் காலர்!

"இது பெல்ட்டுல்லா! ஓடக்கரையில கெடந்துச்சு. நம்ம ஜிம்மிக்கு மாட்டி விட்டேன்."

"ரேடியோ காலர் கிடைச்சா சொல்லுங்கன்னு டீக்கடையில நோட்டீஸ் ஒட்டியிருந்தோமேண்ணே..."

"படிச்சேம்மா. ஆனா ரேடியோன்னா பாட்டுப் படிக்கணும்ல? இது கம்முனு கெடந்துச்சு."

அவரைச் சொல்லி என்ன குற்றம்? ஊரே பெல்ட் என்று சொல்வதை, பெரிய படிப்பு படித்தவர்கள் காலர் என்று எழுதி ஒட்டுகிறோம். பிறகு ஊருக்கு விவரம் போதாது என்று சலித்துக்கொள்கிறோம்.

பூரணி இதையெல்லாம் கேட்கவில்லை. நாய் பக்கத்தில் உட்கார்ந்து பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நாளானால் தானாக இற்றுப்போகட்டும் என்று அதில் ஒரு பருத்தித் துண்டு வைத்துத் தைத்திருப்பார்கள்.

"யாரும் அறுக்கல மாமா... இத்துத்தான் விழுந்திருக்கு." சரி, கரடி எங்கே என்று பால்ராஜிடம் கேட்டேன்.

"அதுவா? இன்னைக்கு விடியக்காலம்கூட வந்துச்சே!" என்றார் பால்ராஜ். "கழுத்தைச் சுத்தி முடி தேஞ்சு வளையமாத் தடம் இருக்கு. எம்புட்டு மாம்பழம் திங்குதுங்கீக! முதுகுல ரெண்டு குட்டி வேற. எறங்கவே மாட்டேங்குதுக."

பூரணி ஜிம்மியைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டாள். எனக்கும் கண் கலங்கியது, ஒளிக்க என்ன இருக்கிறது? உடனே ராஜபாளையத்தில் இருக்கும் அவள் அம்மாவுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டாள்.

"அம்மா! ரெட்டைப் பிள்ளைம்மா!"

கல்யாணமாகாத மகள் அழுதுகொண்டே இப்படிச் சொன்னால் எந்தத் தாய்க்குத்தான் மூச்சு நிற்காது?

"ஏட்டி... யாருக்கு?"

நான் போனைப் பிடுங்கி, "கரடிக்குக்கா!" என்றேன்.

அக்கா பெருமூச்சு விட்டது இங்கே கேட்டது. அப்புறம் கேட்டாள் —

"தாயும் பிள்ளைகளும் சொகமா இருக்காகளா?"