புலிக்கு எடுத்துப்போன குட்டை லென்ஸ்

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், கண்டி ஏரிக்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த ஒரு படக்கடையில் நான் வேலை பார்த்தேன். கமராவும் லென்ஸும் விற்பது, கூப்பிட்ட இடத்துக்குப் போய்ப் படம் எடுப்பது, எடுத்ததை இருட்டறையில் கழுவுவது எல்லாம் என் பொறுப்பு. என் வாய் மட்டும் சம்பளத்துக்கு மேலேயே வேலை செய்தது.

மிருகங்களைப் படம் எடுக்க வேண்டும் என்று யாராவது கடைக்குள் வந்தால் எனக்குக் கொண்டாட்டம். "மிருகம் நீங்க சொன்னபடி உட்காராது சேர்" என்று தொடங்குவேன். எங்களிடம் கண்ணாடிப் பெட்டி என்று நாங்கள் அழைத்த ஒரு கமரா இருந்தது. உள்ளே சாய்வாக ஒரு கண்ணாடி. மேலிருந்து குனிந்து பார்த்தால், விசையை அழுத்தும் கணம் வரை மிருகம் கண்ணிலேயே இருக்கும். அதில் நீள லென்ஸைப் பூட்டினால் பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி நின்றே முகத்தை நிறைத்து எடுக்கலாம். கூட்டுக் கம்பிகளும் மங்கிக் கரைந்துவிடும். இதையெல்லாம் நான் ஒப்பிக்கும் அழகில் மயங்கி வாங்கிப் போனவர்கள் உண்டு. ஊருக்குத்தான் உபதேசம்.

அந்தக் கண்ணாடிப் பெட்டி பார்க்க அழகில்லை. சவர்க்காரப் பெட்டிக்குக் கறுப்புத் தோல் ஒட்டியது போல் இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறினால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கடையில் இன்னொன்று இருந்தது: தேக்குமரமும் பித்தளையுமாக மின்னும் முக்காலிக் கமரா. அதற்கென்று புதிதாக வந்திருந்த குட்டை லென்ஸைப் பூட்டிவிட்டால், எடுப்பவன் பெரிய ஆள் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

கடுகண்ணாவைக்கு இப்பால், மலைச்சரிவில் ஒரு துரை சின்னதாக மிருகசாலை வைத்திருந்தார். மான்கள், கரடி ஒன்று, குரங்குகள், ஒரு சிறுத்தை. சிறுத்தையை அங்கே எல்லோரும் புலி என்றுதான் சொல்வார்கள். வருகிறவர்களுக்கு விற்க அந்தப் புலியின் படத்தைத் தபாலட்டையாகப் போட்டுத் தரும்படி துரை எங்கள் கடைக்கு ஆள் அனுப்பினார். முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர். அதிகம் பேசமாட்டார்.

"தம்பி, கண்ணாடிப் பெட்டியைக் கொண்டு போ. நீள லென்ஸையும் எடு. கூட்டுக்குக் கிட்டப் போகாதை" என்றார்.

"சரிங்க முதலாளி" என்றேன். அவர் கோவிலுக்குப் போனதும் முக்காலிக் கமராவை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

புலியைப் பார்த்துக்கொண்டவர் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு மலைநாட்டுத் தமிழர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். கண் திறக்காத குட்டியாக வந்த புலியைப் போத்தலில் ஆட்டுப்பால் கொடுத்து வளர்த்தவர் அவர். அவரை நான் 'நீ' என்றுதான் அழைத்தேன். காலில் சப்பாத்துப் போட்டிருந்தேன் அல்லவா. அவர் என்னை 'ஐயா' என்றார்.

குட்டை லென்ஸின் வழியே பார்த்தபோதுதான் வந்தது வினை. கூட்டின் பின்பக்கம் படுத்திருந்த புலி, படத்தில் பூனையாகத் தெரிந்தது. கம்பிகள் மட்டும் பெரிதாக நின்றன. முக்காலியைத் தள்ளித் தள்ளி, கடைசியில் லென்ஸையே இரண்டு கம்பிகளுக்கு நடுவில் நுழைத்து வைத்தேன். இனிப் புலிதான் அருகே வர வேண்டும்.

"இறைச்சி காட்டினா வருமா?" என்று கேட்டேன்.

"வருங்கய்யா" என்று அவர் ஒரு நீண்ட இரும்புக் கம்பியின் கொக்கியில் இறைச்சித் துண்டைக் குத்தினார். கம்பியால்தான் இரை கொடுக்க வேண்டும் என்பது துரையின் கட்டளை. மீறினால் வேலை இல்லை. அவர்தான் இதையும் சொன்னார்.

"கம்பி படத்தில விழும். அசிங்கமா இருக்கும். கையால பிடி" என்றேன்.

அவர் தயங்கினார். "தொரை பாத்தா..."

"துரைக்குத்தானே படம்?"

அவர் பக்கத்து இடைவெளியில் கையை விட்டு இறைச்சியைப் பிடித்தார். புலி எழுந்து வந்தது. முக்காலிக் கமராவில் பார்த்தவுடனே எடுத்துவிட முடியாது. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக் குறி பார்த்து, லென்ஸை மூடி, படம் பதியும் கண்ணாடித் தகட்டைச் செருகி, மறைப்பை உருவி, அப்புறம்தான் விசை. அதுவரை மிருகம் அதே இடத்தில் நிற்க வேண்டும். அதற்கு அந்தக் கையும் அதே இடத்தில் நிற்க வேண்டும்.

"போதுங்களாய்யா?"

"இன்னும் கொஞ்சம்."

புலி வாயைத் திறந்தது. விசையை அழுத்தினேன். நல்ல படம் என்று அந்த நொடியே எனக்குத் தெரியும். அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. "அப்படியே பிடி, இன்னொண்ணு" என்று சொல்லி அடுத்த தகட்டுக்குக் குனிந்தேன். நிமிர்வதற்குள் அவருடைய அலறல் கேட்டது.

இரண்டு விரல்கள் போயின. வேட்டியைக் கிழித்துக் கையில் சுற்றிக்கொண்டு அவர் தரையில் உட்கார்ந்திருந்தபோது துரை ஓடி வந்தார். தோட்டத் தமிழில், "கம்பி எங்க? கையால குடுக்க யார் சொன்னது?" என்று கத்தினார்.

அவர் துரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். கோபமாக அல்ல, நான் சொல்லிவிடுவேன் என்று நம்பிப் பார்த்தார். 'நான்தான் சொன்னேன்' என்ற இரண்டே வார்த்தை. சொல்லியிருந்தால் எனக்கு என்ன போயிருக்கும்? ஒரு வசவு, மிஞ்சினால் அந்தத் தபாலட்டை வேலை. ஊரெல்லாம் அளந்த என் வாயில் அன்றைக்குக் கொழுக்கட்டை. நான் முக்காலியின் கால்களை மடக்கிக்கொண்டிருந்தேன்.

"யாரும் சொல்லலீங்க தொரை" என்றார் அவர்.

அன்றே அவருடைய வேலை போயிற்று. வேலையோடு இருந்த வீடும் போயிற்று. குடும்பத்தோடு கலகெதரப் பக்கம் போய்விட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

தகட்டைக் கழுவினால் படம் அற்புதமாக வந்திருந்தது. ஆனால் ஓரத்தில் அந்தக் கை. ஐந்து விரலும் இறைச்சியைப் பற்றி, நரம்பு புடைத்து, கண்ணாடித் தகட்டில் அத்தனை தெளிவாக இருந்தது. கமராவுக்காகவே நீட்டிய கை என்று பார்க்கிற எவனுக்கும் தெரியும். திருத்தும் கத்தியை எடுத்து, கையையும் இறைச்சியையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்தேன். அந்த இடம் அச்சில் கறுப்பாகி, கூட்டின் இருட்டோடு சேர்ந்துகொண்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நான் மறைத்தேன்.

இப்போது பார்த்தால் புலி என்னைப் பார்த்து உறுமுவது போலிருந்தது. கடை முகப்பில் வைத்தோம். பார்த்தவர்கள் என் துணிச்சலைப் புகழ்ந்தார்கள். "எந்த லென்ஸ்?" என்று கேட்டவர்களுக்குக் குட்டை லென்ஸைக் காட்டி, அதிலும் இரண்டு விற்றேன். முதலாளி படத்தை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார், கணக்குப் புத்தகத்துக்குத் திரும்பிவிட்டார். நான் கத்தோலிக்கன்; பெரிய வியாழனுக்கு முன் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். "பெருமை கொண்டேன் சாமி" என்று மட்டும் சொன்னேன். 'அருள் நிறைந்த மரியே' மந்திரத்தை மூன்று முறை சொல்லச் சொல்லி, சாமி என்னை விட்டுவிட்டார். அத்தனை மலிவாகத் தப்பியது எனக்கே வெட்கமாக இருந்தது.

நாலைந்து மாதம் கழித்து ஒரு காலையில் புலியை வளர்த்தவர் கடைக்கு வந்தார். கலகெதரவிலிருந்து நடந்தே வந்திருக்க வேண்டும். முழங்கால் வரை புழுதி. கையைத் துண்டால் மூடியிருந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து மேசைக்குப் பின்னால் நகர்ந்தேன்.

"புலிப் படம் ஒண்ணு தருவீங்களாய்யா?" என்று கேட்டார்.

ஒரு தபாலட்டையை எடுத்துக் கொடுத்தேன். வெகு நேரம் பார்த்தார். புலியை அல்ல. படத்தின் ஓரத்தை, அந்தக் கறுப்பை.

"என் கை விழலீங்களா?"

நான் மேசையில் கிடந்த தபாலட்டைகளை அடுக்கினேன்.

"புடிச்சிக்கிட்டு நின்னேனே, விழுந்திருக்கும்னு நெனச்சேன். அஞ்சு வெரலும் இருந்த கை. நமக்கு ஏதுங்க வேற படம்? அதத்தான் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

அப்போதும் சொல்லியிருக்கலாம். கத்தி என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது.

"விழல" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். தபாலட்டையை மடிக்காமல் துண்டுக்குள் வைத்தார்.

"அப்ப நாந்தான் சரியாப் புடிக்கல போலிருக்கு. மன்னிச்சுக்கங்கய்யா" என்றார்.

"பரவாயில்லை" என்றேன் நான்.