கோட்டையை விட்டு இறங்காத ஐவர்

செஞ்சிக்காரர்களுக்குக் கோட்டை பற்றிக் கொஞ்சம் கர்வம் உண்டு. செல்போன் விளையாட்டில்கூட அது எங்களை விடவில்லை. அப்போது எனக்குப் பத்து வயது.

ஐந்து பேருக்கு ஐந்து பேர் மோதும் ஆட்டம் அது. ஆளுக்கு ஒரு வீரன். ஒருவன் அடி தாங்குவான், ஒருவன் தூரத்திலிருந்து சுடுவான், ஒருத்தி காயம் ஆற்றுவாள். மூன்று பாதைகளில் குட்டிச் சிப்பாய்கள் தாமாகவே நடப்பார்கள். அவர்களோடு போய், வழியிலுள்ள கோபுரங்களை உடைத்து, கடைசியில் எதிரியின் கோட்டையைத் தகர்த்தால் வெற்றி. நாங்களோ ஐந்து பேரும் எங்கள் கோட்டையைச் சுற்றியே நின்றுகொண்டிருப்போம். உள்ளே இருப்பவனை யாராலும் ஜெயிக்க முடியாது என்பது அண்ணனின் திட்டம். எதிரணியான பக்கத்து ஊர் வல்லத்துப் பையன்கள் பாதைகளுக்கு நடுவிலுள்ள காட்டில் மிருகங்களை அடித்துப் பலம் ஏற்றிக்கொண்டு, சாவகாசமாக வந்து எங்களை நசுக்கிவிட்டுப் போவார்கள்.

காயம் ஆற்றுகிறவள் நான். போன் அத்தையுடையது. ஆடிக்குப் பிறந்த வீட்டுக்கு வந்தவள் அவள். தை பிறந்தும் மாமா வீட்டிலிருந்து அழைக்க யாரும் வரவில்லை. அவர்களே வரட்டும் என்று நைனா சொல்லிவிட்டார். கல்யாணத்துக்கு முன் திண்டிவனத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள், எங்கள் வீட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் தோற்றால் என்னை நீக்கிவிட்டு எதிர்வீட்டுப் பையனைச் சேர்ப்பதாக அண்ணன் சொல்லியிருந்தான். அத்தை என் தோள் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடா, உள்ளயே குந்திக்கினு இருந்தா அவங்க அலுத்துப் பூடுவாங்களா?"

"வெளிய போனா பூந்துருவாங்க அத்தை," என்றான் அண்ணன்.

"பூரட்டும். அந்த நேரத்துல அவங்க கோட்டையில யாரு இருப்பா?"

அதை யாரும் யோசித்ததில்லை. இரண்டு பேரைக் காவலுக்கு விட்டுவிட்டு, மூன்று பேர் கீழ்ப்பாதையில் சிப்பாய்களோடு நடந்தோம். அண்ணன் அடி தாங்க, நான் ஆற்றிக்கொண்டே போனேன். வல்லத்து ஐவரும் வழக்கம்போல எங்கள் வாசலில் இருந்தார்கள். காவலுக்கு நின்ற இருவரும் செத்தார்கள், எங்கள் கோட்டையும் பாதிக்குமேல் போய்விட்டது. அதற்குள் அவர்களுடையது சரிந்தது. நாங்கள் போட்ட சத்தத்தில் தெரு நாய்கள் குரைத்தன. எங்களைவிட அதிகம் சிரித்தவள் அத்தைதான்.

மறுநாள் காலை அவள் பையை எடுத்துக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறினாள். பழைய ஆஸ்பத்திரியிலேயே மறுபடி கேட்டுப் பார்க்கிறாளாம். "அவங்க வந்து கூப்ட்டா நான் இன்னா பதில் சொல்றது?" என்று நைனா பஸ் ஸ்டாண்டுவரை கேட்டுக்கொண்டே வந்தார். அத்தை ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து எனக்குக் கை காட்டினாள்.

நான் கை காட்டவில்லை. ஜெயித்த மறுநாளே போனையும் எடுத்துக்கொண்டு டீமை விட்டுப் போகிறாளே என்று எனக்கு அவள்மேல் வந்த கோபம் தீரப் பல நாள் ஆயிற்று.