கசினோ ஹோட்டலுக்கு எத்தனை நட்சத்திரம்?

என் பிறந்தநாள் பரிசாக மகள் இங்கே லண்டனிலேயே ஒரு பெரிய கசினோ ஹோட்டலில் எனக்கும் தனக்குமாக அறை எடுத்திருந்தாள்.

கடைசியில் வேலை ஷிப்ட் மாறி, அவளால் வர முடியவில்லை.

கீழே சூதாட்ட மெஷின்கள் ஓயாமல் கலகலத்தன. மேலே நானும் ஆறு தலையணைகளும்.

இன்று காலை, ஹரோவில் என் வீட்டில் செய்வதுபோலவே படுக்கையை ஒழுங்காக விரித்து, குளியலறையைத் துடைத்து, குப்பையையும் கட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

துப்புரவுக்கு வந்த பெண் அறையைப் பார்த்துவிட்டுத் திரும்பப் போனவள், ஜன்னலோரம் என்னைக் கண்டு திடுக்கிட்டாள். என் நெற்றிப் பொட்டைப் பார்த்ததும் தமிழில் சொன்னாள்:

"குறை நினைக்காதேங்கோ அம்மா, இஞ்ச ஒருத்தரும் தங்கேல்லை எண்டு நினைச்சிட்டன்."

"ஓம் பிள்ளை, எனக்கும் அப்பிடித்தான் இருந்தது."

இப்போது ஹோட்டல் மதிப்புரை கேட்கிறது. சுத்தத்துக்கு ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டேன், அது என் உழைப்பு.

"யாருடன் தங்கினீர்கள்?" என்பதற்கு என்ன போடலாம், சொல்லுங்கள்.